விழுந்தபோது ஊன்றிய கை: மணிக்கட்டு எலும்பு முறிவை அறிந்துகொள்வதும் சிகிச்சை பெறுவதும்

சொந்த வளவுக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு முதல் மாதங்களில் ஓய்வு கிடைப்பதில்லை. பற்றை வெட்ட வேண்டும். கிணறு இறைத்துத் துப்புரவாக்க வேண்டும். கூரைக்குத் தகரம் ஏற்ற வேண்டும். பாசி பிடித்த கிணற்றுக்கட்டில் கால் சறுக்குகிறது. ஏணி சரிகிறது. பிள்ளைகள் இடிந்த மதிலில் ஏறிக் குதிக்கிறார்கள். விழும்போது நாம் யோசிக்காமலே கையை நீட்டி நிலத்தில் ஊன்றுகிறோம். உடம்பின் பாரம் முழுவதும் அந்த உள்ளங்கை வழியாக மணிக்கட்டுக்குப் போகிறது. அங்கேதான் எலும்பு முறிகிறது.

இப்படி முறிந்த கையைப் பலர் ‘சுளுக்கு’ என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவி, துணியால் சுற்றிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வீக்கம் வற்றிவிடும். ஆனால் எலும்பு கோணலாகவே ஒட்டிவிடும். பிறகு வாளியைப் பிடித்து நீர் அள்ளவும், துணி பிழியவும், தேங்காய் துருவவும், மண்வெட்டி பிடிக்கவும், வலை இழுக்கவும் அந்தக் கை முன்போல உதவாது. கைவேலையை நம்பியே வாழ்வைத் திரும்பக் கட்டியெழுப்பும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய இழப்பு அல்ல.

இந்தக் கட்டுரை சொல்லவரும் செய்தி ஒன்றுதான்: கையை ஊன்றி விழுந்தபின் மணிக்கட்டில் நோவும் வீக்கமும் இருந்தால், எக்ஸ்றே எடுத்துப் பார்க்கும்வரை அதை முறிவு என்றே கருதுங்கள். முதல் சில நாட்களுக்குள் வைத்தியசாலைக்குப் போனால் எலும்பை நேராக்குவது எளிது. வாரங்கள் கடந்தால் கடினம்.

எந்த எலும்பு முறிகிறது?

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இரண்டு எலும்புகள் உள்ளன. கட்டைவிரல் பக்கமாக இருப்பது ஆரை எலும்பு. சின்னவிரல் பக்கமாக இருப்பது அரந்தி எலும்பு. மணிக்கட்டு அருகே ஆரை எலும்பு அகன்று பெருத்திருக்கும். கையைத் தாங்கும் மூட்டின் பெரும்பகுதி அதன்மேலேயே அமைந்துள்ளது. எனவே கையை ஊன்றி விழும்போது அதிக பாரத்தை ஏற்பதும் இந்த ஆரை எலும்பின் கீழ் நுனிதான். பெரும்பாலும் மூட்டிலிருந்து இரண்டு, மூன்று சென்ரிமீற்றருக்குள் முறிவு ஏற்படுகிறது. அரந்தி எலும்பின் நுனியும் சிலவேளை சேர்ந்து முறியும்.

உள்ளங்கையை ஊன்றி விழுந்தால், முறிந்த துண்டு பொதுவாகப் புறங்கைப் பக்கமாகத் தள்ளப்படும். அப்போது கையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டி போல மணிக்கட்டுக்கு மேலே ஒரு மேடும் அதன்பின் ஒரு பள்ளமும் தெரியும். அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த சத்திர சிகிச்சை நிபுணர் ஏபிரகாம் கொலிஸ் இந்த முறிவை 1814இல் விபரித்து எழுதினார். எக்ஸ்றே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். அதாவது கையின் வடிவத்தைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டுமே அவர் இதை அறிந்தார். இன்றும் வைத்தியர்கள் இதனைக் ‘கொலிஸ் முறிவு’ என்றே அழைக்கிறார்கள். புறங்கை மடிந்து விழுந்தால், துண்டு எதிர்ப்பக்கமாக, உள்ளங்கைப் பக்கமாகத் தள்ளப்படலாம். இது குறைவாகவே ஏற்படும். ஆனால் நிலையில் நிறுத்தி வைப்பது கடினம்.

யாருக்கு அதிகம் ஏற்படுகிறது?

பிள்ளைகள், கடினமான வேலை செய்யும் இளவயதினர், ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் ஆகிய மூன்று பகுதியினரிடம் இம்முறிவை அதிகம் காணலாம். பிள்ளைகள் மரத்திலிருந்தும் சைக்கிளிலிருந்தும் விழுகிறார்கள். இளவயதினருக்கு உயரத்திலிருந்து விழுதல், மோட்டார் சைக்கிள் விபத்து போன்ற பலமான அடியால் முறிகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் செறிவு குறைவதால், நின்ற நிலையிலிருந்து வழுக்கி விழுந்தாலே முறிந்துவிடும்.

அறிகுறிகள் எவை?

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

1. விழுந்த உடனேயே மணிக்கட்டில் கடும் நோவு ஏற்பட்டு, கையை அசைக்கும்போது கூடுதல்.
2. சில மணித்தியாலங்களுக்குள் வீக்கம். அன்றோ மறுநாளோ நீலநிறமாகக் கண்டிப்போதல்.
3. மற்றக் கையுடன் ஒப்பிடும்போது வடிவம் மாறியிருத்தல்.
4. கட்டைவிரல் பக்கத்து எலும்பின்மேல் ஒரு விரலால் மெல்ல அழுத்தும்போது ஒரு குறித்த இடத்தில் மட்டும் நோவு மிகுதல்.
5. ஒரு கோப்பையைத் தூக்கவோ கதவுக் கைபிடியைத் திருப்பவோ முடியாமை.
6. விரல்களில் விறைப்பு அல்லது ஊசி குத்துவது போன்ற உணர்வு.

‘விரல் மடிக்க முடிகிறது, ஆகவே முறியவில்லை’ என்று பலர் சொல்வதுண்டு. இது சரியல்ல. விரல்களை அசைக்கும் தசைகள் முன்கையில் மேலே உள்ளன. எலும்பு முறிந்திருந்தாலும் விரல்கள் அசையும். அதேபோல், வடிவம் மாறாமல் இருப்பதும் முறிவு இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. விலகாத வெடிப்பு வெளியே தெரியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

நோவுள்ள கையைத் திருகியோ இழுத்தோ பார்க்க வேண்டாம். அதற்குப் பதிலாக, கைக்கு இரத்தமும் உணர்வும் சரியாகப் போகின்றனவா என்று மட்டும் பாருங்கள். வைத்தியரும் முதலில் இவற்றைத்தான் பார்ப்பார்.

இரத்த ஓட்டம்: விரல் நகத்தை ஐந்து செக்கன் அழுத்தி விடுங்கள். வெளிறிய நகம் ஏறத்தாழ 2 செக்கனுக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். நேரம் எடுத்தாலோ, விரல்கள் குளிர்ந்து வெளிறி அல்லது நீலமாக இருந்தாலோ அவசர நிலை.

உணர்வு: கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை மெல்லத் தொட்டு, மற்றக் கையைப் போலவே உணர்வு இருக்கிறதா எனக் கேளுங்கள். மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பு நசிந்தால் முதல் மூன்று விரல்களும் விறைக்கும்.

அசைவு: கட்டைவிரலை மேலே உயர்த்தச் சொல்லுங்கள். கட்டைவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து ஒரு வட்டம் செய்யச் சொல்லுங்கள். பிறகு விரல்களை அகல விரிக்கச் சொல்லுங்கள். இம்மூன்றும் மூன்று வெவ்வேறு நரம்புகளின் வேலை. சிறு பிள்ளைகளிடம் இதை விளையாட்டாகச் செய்து காட்டினால் அவர்களும் செய்வார்கள்.

விழுந்த உடனே செய்ய வேண்டியவை

முதலில் மோதிரம், காப்பு, மணிக்கூடு, கையில் கட்டிய நூல் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறியபின் அவை இரத்த ஓட்டத்தை நெரித்துவிடும். கழற்ற முடியாத மோதிரத்தைச் சவர்க்காரம் பூசி மெல்லச் சுழற்றிப் பாருங்கள்.

அடுத்து, கையைக் கண்ட நிலையிலேயே தாங்குங்கள். நேராக்க முயல வேண்டாம். காட்போட் மட்டை, மடித்த பத்திரிகைத்தாள் அல்லது ஒரு தட்டையான பலகைத் துண்டை எடுங்கள். அதன்மேல் துணி விரித்து, முழங்கைக்குச் சற்றுக் கீழிருந்து விரல்களின் அடிவரை கைக்கு அடியில் வைத்து, இரண்டு மூன்று இடங்களில் அகலமான துணியால் கட்டுங்கள். முறிந்த இடத்துக்கு நேர்மேலே முடிச்சுப் போட வேண்டாம். கட்டுக்குள் உங்கள் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இளக்கம் இருக்க வேண்டும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். பின்னர் பழைய சேலைத் துண்டையோ சாரத்தையோ கழுத்திலிருந்து தொங்கவிட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்குங்கள்.

குளிர்ந்த நீரில் நனைத்த துணியையோ, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியையோ 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். ஐஸைத் தோலில் நேரடியாக வைக்க வேண்டாம். வளர்ந்தவர்கள் நோவுக்கு 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இரண்டு குளிசை எடுக்கலாம். அடுத்ததற்கு 6 மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். ஒரு நாளில் 8 குளிசைக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கான அளவு அவர்களின் நிறையைப் பொறுத்தது. வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக் கொடுங்கள். கை கோணியிருந்தால் மயக்க மருந்து கொடுத்து நேராக்க வேண்டிவரலாம். ஆகவே வைத்தியர் பார்க்கும்வரை சாப்பாடோ பாலோ தேநீரோ கொடுக்க வேண்டாம். குளிசையைச் சிறிதளவு தண்ணீருடன் விழுங்கினால் போதும்.

எண்ணெய் பூசி உருவுதல், இழுத்துச் சொடுக்குதல், சூடான ஒத்தடம் கொடுத்தல் ஆகியவற்றை முதல் நாட்களில் தவிர்க்க வேண்டும். இவை உள்ளே இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். முறிந்த துண்டை மேலும் விலக்கும்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

பின்வரும் நிலைமைகளில் இரவானாலும் உடனே செல்லுங்கள்: முறிந்த இடத்தில் தோல் கிழிந்து இரத்தம் வருதல் அல்லது எலும்பு தெரிதல், விரல்கள் வெளிறி, நீலமாகி, குளிர்ந்துபோதல், விரல்கள் விறைத்தல் அல்லது அசைக்க முடியாமை, கை மிகவும் கோணியிருத்தல், நோவு அடங்காமல் ஏறிக்கொண்டே போதல், தலையிலும் அடிபட்டு மயக்கம் அல்லது வாந்தி இருத்தல்.

தோல் கிழிந்திருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். மண், சாம்பல், கோப்பித்தூள், இலைச்சாறு எதையும் வைக்க வேண்டாம். அத்தகைய காயத்துக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் ஏற்புவலித் தடுப்பூசியும் சில மணித்தியாலங்களுக்குள் தேவைப்படும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை இலவசமாகக் கிடைக்கும். ஊரின் பெயர், ஒழுங்கை, அருகிலுள்ள கோயில், தேவாலயம் அல்லது பாடசாலை ஆகியவற்றைச் சொன்னால் வண்டி வந்து சேர்வது எளிதாகும்.

மேலும் ஒன்று. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத இடத்தில் ஒருவர் விழுந்து கிடந்தால் தூக்க ஓட வேண்டாம். அவரை அசையாமல் இருக்கச் சொல்லி, உதவியை அழையுங்கள்.

வைத்தியசாலையில் என்ன நடக்கும்?

அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். அடையாள அட்டையோ பழைய மருத்துவப் பதிவுகளோ இடம்பெயர்வில் தொலைந்துவிட்டன என்பதற்காகச் செல்லத் தயங்க வேண்டாம். அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் முதலுதவி பெறலாம். எக்ஸ்றே வசதியோ நிபுணரோ அங்கு இல்லாவிட்டால், ஆதார வைத்தியசாலைக்கோ மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ கடிதம் தந்து அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தைப் பெற்றவர்கள் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று வீடு திரும்பிவிட வேண்டாம்.

வைத்தியர் எப்படி விழுந்தீர்கள், எப்போது விழுந்தீர்கள், எந்தக் கையால் வேலை செய்பவர், நீரிழிவு போன்ற நோய்கள் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்பார். உங்கள் தொழில் என்ன என்பதையும் சொல்லுங்கள். மேசனுக்கும், தையல் வேலை செய்பவருக்கும், எண்பது வயது மூதாட்டிக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது.

எக்ஸ்றே குறைந்தது இரண்டு பக்கமாக எடுக்கப்படும்: ஒன்று நேராக, மற்றது பக்கவாட்டில். நேர்ப்படத்தில் சரியாகத் தெரியும் எலும்பு பக்கப் படத்தில் சரிந்திருக்கலாம். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மணிக்கட்டு எக்ஸ்றேயின்போது வயிற்றைச் சென்றடையும் கதிரின் அளவு மிகமிகக் குறைவு. பாதுகாப்பாக எடுக்க ஏற்பாடு செய்வார்கள்.

படத்தில் வைத்தியர் முக்கியமாக மூன்று விடயங்களைப் பார்க்கிறார்.

நீளம்: ஆரை எலும்பின் கட்டைவிரல் பக்கத்து நுனி, அரந்தி எலும்பின் மட்டத்தைவிட ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் கூடுதலாக நீண்டிருக்க வேண்டும். முறிந்து நசிந்தால் இந்த நீளம் குறைகிறது.

சரிவு: பக்கவாட்டுப் படத்தில் எலும்பின் முனை உள்ளங்கைப் பக்கமாக ஏறத்தாழ 11 பாகை சரிந்திருப்பது இயல்பு. முறிந்தபின் அது புறங்கைப் பக்கமாகச் சரிந்துவிட்டால் கைப்பிடி பலம் குறையும்.

மூட்டின் மேற்பரப்பு: வெடிப்பு மூட்டுக்குள் போயிருக்கிறதா, அங்கே படிபோல உயரம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். இளவயதினருக்கு 2 மில்லிமீற்றர் அளவு படிகூடப் பிற்காலத்தில் மூட்டுத் தேய்வை உண்டாக்கக்கூடும்.

இந்த மூன்றையும் பற்றி நீங்களும் கேட்கலாம். ‘எலும்பு விலகியிருக்கிறதா? மூட்டுக்குள் போயிருக்கிறதா? அடுத்த எக்ஸ்றே எப்போது?’ என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எக்ஸ்றேயில் தெரியாத முறிவு

கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்கினால், அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழிக்குள் அழுத்தும்போது நோவு இருந்தால், படகு வடிவமான ஒரு சிறிய மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கக்கூடும். இம்முறிவு முதல் எக்ஸ்றேயில் தெரியாமல் போகலாம். எனவே படம் சரியாக இருந்தாலும் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் பார்ப்பார்கள். ‘எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை’ என்று கட்டை நீங்களாகக் கழற்றிவிட வேண்டாம். இந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போய்விடும்.

பிள்ளைகளின் எலும்பு

பிள்ளைகளின் எலும்பு பச்சைக் கம்பு போன்றது. பச்சைப் பூவரசங் கம்பை வளைத்தால் ஒரு பக்கம் மட்டும் வெடித்து மற்றப் பக்கம் வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளின் கையும் அப்படியே முறியலாம். சிலவேளை எலும்பின் ஓரம் நசிந்து புடைக்கும். அது மிக இலேசானது, ஏறத்தாழ 3 வாரத்தில் ஆறிவிடும். ஆனால் மணிக்கட்டுக்கு அருகே எலும்பு வளரும் தட்டு உள்ளது. அதில் அடிபட்டால் பிற்காலத்தில் எலும்பின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். பிள்ளைகளின் எலும்பு விரைவாக ஒட்டுவதால், ஒரு வாரம் தாமதித்தாலே நேராக்குவது கடினமாகிவிடும். விழுந்த பிள்ளை அந்தக் கையைப் பாவிக்காமல் மறைத்து வைத்திருந்தால், அழாவிட்டாலும் கொண்டு போங்கள்.

சிகிச்சை முறைகள்

எலும்பு விலகாதிருந்தால் பிளாஸ்ரர் கட்டு மட்டும் போதும். விலகியிருந்தால், மரத்துப்போகும் ஊசி அல்லது மயக்க மருந்து கொடுத்து இழுத்துப் பொருத்தியபின் கட்டுப் போடுவார்கள். முதலில் வீக்கத்துக்கு இடம்விட்டு அரைக்கட்டாகப் போட்டு, வீக்கம் வற்றியபின் முழுக்கட்டாக மாற்றுவது வழக்கம். வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 5 முதல் 6 வாரம் கட்டு இருக்கும். பொருத்திய எலும்பு முதல் இரண்டு வாரங்களில் மீண்டும் விலகக்கூடும். அதனால்தான் ஒரு வாரத்திலும் இரண்டு வாரத்திலும் மறுபடி எக்ஸ்றே எடுக்கிறார்கள். பஸ் வசதி இல்லை, கூலி வேலை போய்விடும் என்று இந்தக் கிளினிக் திகதிகளைத் தவறவிடாதீர்கள். விலகியதை அப்போதே கண்டால் திருத்தலாம். நிலையில் நில்லாத முறிவுக்குக் கம்பியோ தகடோ வைத்துச் சத்திர சிகிச்சை செய்யப்படும்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போகலாமா?

நம் ஊர்களில் தலைமுறையாக முறிவு நெரிவு வைத்தியம் பார்ப்பவர்கள் உள்ளனர். மக்கள் அவர்கள்மேல் நம்பிக்கை வைத்துள்ளனர். நீங்கள் எங்கு சிகிச்சை பெற விரும்பினாலும், முதலில் எக்ஸ்றே எடுத்து முறிவின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். எவர் கட்டினாலும் ஒரு விதி பொருந்தும்: கட்டியபின் விரல்கள் விறைக்கவோ நீலமாகவோ கூடாது. இறுக்கமான பத்தைக்கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணித்தியாலங்களிலேயே தசைகள் அழியத் தொடங்கும். கை நிரந்தரமாக மடங்கிப்போகலாம். கையை அகற்ற வேண்டியும் வரலாம். ‘நோவு இருந்தால்தான் கட்டுப் பிடிக்கிறது’ என்று பொறுத்திருக்க வேண்டாம்.

கட்டுடன் வீட்டில் இருக்கும்போது

முதல் மூன்று நாட்களும் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். படுக்கும்போது தலையணைமேல் வைக்கலாம். முதல் நாளிலிருந்தே விரல்களை முழுமையாக மடக்கி நீட்டுங்கள், மணித்தியாலத்துக்குப் பத்துத் தடவை. முழங்கையையும் தோளையும் அசைக்க மறக்க வேண்டாம். கட்டு நனையக் கூடாது. குளிக்கும்போது பொலித்தீன் பையால் மூடிக் கட்டி, கையை வெளியே நீட்டி வைத்துக் குளியுங்கள். அரிப்பெடுத்தால் ஈர்க்கோ ஊசியோ உள்ளே விட வேண்டாம். தோல் கீறுப்பட்டுச் சீழ் பிடிக்கும்.

குளிசை போட்டும் நோவு ஏறுதல், மடங்கிய விரலை மற்றவர் நீட்டும்போது தாங்கமுடியாத நோவு, விறைப்பு, விரல் நிறம் மாறுதல், கட்டிலிருந்து துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவை ஆபத்தான அறிகுறிகள். அரைக்கட்டின்மேல் சுற்றிய துணியை உடனே தளர்த்திவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முழுக்கட்டை அங்கே வெட்டித் திறப்பார்கள்.

கட்டுக் கழற்றியபின் கை மெலிந்து, விறைத்து இருப்பது இயல்பு. இளஞ்சூடான நீரில் கையை வைத்து மேலும் கீழும் மெல்ல அசையுங்கள்; உள்ளங்கையை வானம் பார்க்கவும் நிலம் பார்க்கவும் திருப்புங்கள்; மென்மையான துணிப்பந்தைப் பிசையுங்கள். இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினால் தவறாமல் போங்கள். பாரமான வேலை, கிணற்றில் நீர் இழுத்தல், மண்வெட்டுதல் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 3 மாதம் பொறுக்க வேண்டும். இக்காலத்தில் நீர் அள்ளவும் விறகு கொண்டுவரவும் வீட்டாரும் அயலவரும் கைகொடுத்தால்தான் அந்தக் கைக்கு ஓய்வு கிடைக்கும். குறிப்பாகத் தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு இந்த உதவி மிக அவசியம். சில வாரங்களின்பின் திடீரெனக் கட்டைவிரலைத் தூக்க முடியாமல் போனாலோ, கை எரிந்து பளபளத்து வீங்கினாலோ மீண்டும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இடம்பெயர்ந்த காலத்தில் முறிந்து கோணலாக ஒட்டிய கை

ஓடிக்கொண்டிருந்த நாட்களில் பலருக்குக் கை முறிந்தது. எக்ஸ்றே எடுக்க வழியிருக்கவில்லை; கிடைத்த தடியையும் துணியையும் வைத்துக் கட்டினார்கள். அந்தக் கை இன்று கோணலாக இருந்தால் ‘இனி ஒன்றும் செய்ய ஏலாது’ என்று விட்டுவிட வேண்டாம். நோவு, விரல் விறைப்பு, உள்ளங்கையைத் திருப்ப முடியாமை ஆகியவை இருந்தால் எலும்பு முறிவுக் கிளினிக்கில் காட்டுங்கள். சிலருக்குப் பயிற்சி போதும். சிலருக்கு எலும்பை வெட்டி நேராக்கும் சத்திர சிகிச்சை பலன் தரும். கோணலாக இருந்தாலும் நோவின்றி வேலை செய்யக்கூடிய கைக்கு ஒன்றும் தேவைப்படாது. தொழில் செய்ய முடியாத நிலையில் உள்ளவர்கள் தமது பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரைச் சந்தித்து, உதவிகள் பற்றிக் கேட்டறியலாம்.

மீண்டும் முறியாமலிருக்க

கிணற்றுக்கட்டின் பாசியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். ஏணியில் ஏறும்போது ஒருவர் அடியில் பிடிக்கட்டும். இரவில் மலசலகூடத்துக்குப் போகும் பாதையில் கல், கயிறு, தறப்பாள் முனை இல்லாமல் பாருங்கள். கையில் ரோச் லைட் இருக்கட்டும்.

ஐம்பது வயதுக்குமேல் சாதாரணமாக விழுந்து மணிக்கட்டு முறிந்தால், அது எலும்பு தேய்கிறது என்பதற்கான முன்னறிவிப்பு. அடுத்த விழுகையில் இடுப்பு எலும்பு முறியக்கூடும். ஆகவே கை ஆறியதுடன் விட்டுவிடாமல், எலும்பின் பலம் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். முள்ளுடன் உண்ணும் நெத்தலி, குரக்கன், எள்ளு, முருங்கையிலை, பால், தயிர் ஆகியவற்றில் கல்சியம் உண்டு. நாளாந்த நடையும் வெயிலும் எலும்புக்கு நல்லவை. புகைத்தல் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும்.

நினைவில் வைத்திருங்கள்

- கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு நொந்தால், எக்ஸ்றே எடுக்கும்வரை முறிவு என்றே கருதுங்கள்.
- மோதிரம், காப்புக் கழற்றுங்கள், கண்ட நிலையில் தாங்கிக் கட்டுங்கள், உருவ வேண்டாம்.
- விரல் விறைத்தால், வெளிறினால், நீலமானால் இரவென்று பாராமல் செல்லுங்கள், அம்புலன்ஸ் 1990.
- ஒரு வாரத்திலும் இரண்டு வாரத்திலும் மறு எக்ஸ்றேயைத் தவறவிடாதீர்கள்.
- எக்ஸ்றே படத்தையும் கிளினிக் கொப்பியையும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுடன் ஒரே பொலித்தீன் பையில் பத்திரமாக வையுங்கள்.